உதகையின் நீரும் விறகும் மின்சாரமும்

நீலகிரி மலைக்கும் நம் சங்கங்களுக்கும் உள்ள தொடர்பு, கோடை விடுமுறையில் மலர்க் காட்சிக்குப் போய் வருவதோடு முடிந்துவிடுவதன்று. கீழ்பவானி வாய்க்காலில் நெல்லும் மஞ்சளும் பயிரிடும் விவசாயி, சிறுமுகையில் பட்டு நெய்பவர், பவானியில் ஜமக்காளம் நெய்பவர், சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவர், குந்தாவிலும் கோத்தகிரியிலும் கூட்டுறவுத் தொழிற்சாலைக்குப் பசுந்தேயிலை கொடுக்கும் சிறு விவசாயி ஆகிய யாவரும் அம்மலையின் நீரையோ, நெருப்பையோ, மின்சாரத்தையோ நம்பிப் பிழைப்பவர்களே. ஆகவே, அங்கே அவை எவ்வாறு உண்டாகின்றன, எவ்வாறு செலவாகின்றன என்பதை அங்கத்தினர்கள் ஓரளவு அறிந்திருத்தல் அவசியம். உல்லாசப் பயணிகள் பெருகிவிட்டார்கள், மலை கெட்டுவிட்டது என்று பொதுவாக அங்கலாய்ப்பதனால் பயன் இல்லை. எது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால்தான் யார் என்ன செய்யக்கூடும் என்பது விளங்கும்.

முதலில் நீரை எடுத்துக்கொள்வோம். மலையின் மேற்குப் பகுதியாகிய அவலாஞ்சி, மேல்பவானி முதலிய இடங்கள் தென்மேற்குப் பருவத்தில் பெருமழை பெறுகின்றன. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை பதிவாயிற்று. குன்னூர், கோத்தகிரி அடங்கிய கிழக்குப் பகுதிக்கு வடகிழக்குப் பருவமழையே பெரிதும் ஆதாரம். இவ்விரு பருவங்களுக்கும் இடையில், மார்ச்சு முதல் மே வரை, ஊற்றுக்கள் மெலியும். சோலை என்று மலை மக்கள் வழங்கும் குறுமரக் காடுகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளுமே, பெய்த மழையைத் தம் கரிய மண்ணில் பிடித்து வைத்துக்கொண்டு, வறண்ட மாதங்களில் சிறுகச் சிறுக ஓடையில் விடுகின்றன. பணத்தை வாங்கி வைத்து வேண்டும்போது தருகிற சிக்கன நாணயச் சங்கத்தைப் போன்றது அந்த மண் எனலாம்.

இந்த நீர் சமவெளிக்கு இறங்கும் வழியில் மின்சாரமாகிறது. பைக்காரா மின் திட்டம் 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. மலை உச்சியில் தேக்கிய நீரை 3,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து குழாய் வழியே சிங்காராவிலுள்ள மின் நிலையத்திற்கு இறக்கினார்கள். அக்காலத்தில் உலகிலேயே மிக உயரத்திலிருந்து நீரை வீழ்த்திய மின் நிலையங்களுள் அதுவும் ஒன்று. கோயமுத்தூர்ப் பஞ்சாலைகள் அடுத்த சில ஆண்டுகளில் பெருகியதற்கும், அச்சீமையின் ஆழ்ந்த கிணறுகளில் கமலைக்குப் பதிலாக மின்சாரப் பம்பு வந்ததற்கும் பைக்காரா மின்சாரமே முக்கிய காரணம். அந்நீரே பின்னர் மோயாற்று மின் நிலையத்தில் மறுபடியும் சுழலிகளைச் சுழற்றிவிட்டுப் பவானி சாகருக்கு வந்து சேருகிறது. குந்தாப் பக்கத்தில், கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டின் உதவியோடு 1960ஆம் ஆண்டு முதல் மின் நிலையங்கள் படிப்படியாக எழுந்தன. இன்று ஆறு நிலையங்கள் சேர்ந்து 585 மெகாவாட் திறனுடையவை. அங்கே ஒரே நீர் ஒன்றன்கீழ் ஒன்றாக உள்ள நிலையங்களில் வேலை செய்துவிட்டுப் பில்லூருக்கு வருகிறது. பில்லூரில் கோவை நகரம் குடிநீர் எடுத்துக்கொள்கிறது. மிகுதி பவானி ஆறாகச் சென்று, 1955ஆம் ஆண்டில் கட்டி முடிந்த பவானி சாகர் அணையை நிரப்பி, கீழ்பவானி வாய்க்காலின் சுமார் 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாய்கிறது.

பைக்காராவின் வீழ்ச்சியைக் கொண்டு கணக்கிட்டால், ஆயிரம் லிட்டர் நீர் உச்சியிலிருந்து அடிவாரம் வரை இறங்குகையில் ஏறத்தாழ 2 யூனிட் மின்சாரம் தரும். இந்த எண்ணை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுதல் நலம், பின்னால் வேண்டியிருக்கும். 2023ஆம் ஆண்டில் விசைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 1,000 யூனிட், கைத்தறிக்கு 300 யூனிட் என்று இலவச மின்சாரத்தின் அளவை அரசாங்கம் உயர்த்தியது. விலை இல்லை என்பதனால் அது வேறு யாரும் உற்பத்தி செய்யாத மின்சாரமாகிவிடாது. பைக்காரா நீரைக் கொண்டு மட்டுமே 1,000 யூனிட் உண்டாக்க வேண்டுமானால், சுமார் 5 லட்சம் லிட்டர் நீர் மலையிலிருந்து இறங்கியாக வேண்டும்.

இனி, காட்டின் கதை. ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில், உதகை ஊரானது. வெள்ளையர்களின் குளிர்காய் அடுப்புக்கும் சமையலுக்கும் படைவீட்டுக்கும் அருகிலிருந்த சோலைகள் விறகாயின. சில பத்தாண்டுகளுக்குள் விறகுப் பஞ்சம் வந்துவிட்டது. அதைத் தீர்க்க ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டசும் சீகை என்று இன்று வழங்கும் வாட்டில் மரங்களும் கொண்டுவரப்பட்டன. விரைவில் வளர்ந்ததால் விறகுக் குறை தீர்ந்தது உண்மை. பிற்காலத்தில் காகிதக் கூழுக்கும் செயற்கை நூலிழைக்கும் இம்மரங்கள் வேண்டியிருந்ததால், புல்வெளியெல்லாம் பயனற்ற தரிசு என்று கருதி அங்கேயும் நட்டுவிட்டார்கள். அதற்குக் கொடுத்த விலை என்ன என்பது மிகவும் பின்னரே தெரியவந்தது. உதகையிலுள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளன்மார்கனில் அருகருகே உள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புக்களை 1968ஆம் ஆண்டு முதல் அளந்து வந்தார்கள். ஒன்றை இயற்கைப்படி விட்டு, மற்றொன்றின் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டனர். நட்ட மரங்களின் முதற் சுற்றில் ஓடைக்கு வரும் நீர் ஏறத்தாழ 16 சதவிகிதமும், வெட்டித் துளிர்த்த இரண்டாம் சுற்றில் ஏறத்தாழக் கால் பங்கும் குறைந்தது. அதிலும், வறண்ட மாதங்களின் ஓட்டமே மிகவும் பாதிக்கப்பட்டது. வாய்க்காலில் இரண்டாம் போகத்துக்கு நீர் வருமா என்று ஏங்கும் விவசாயிக்கு இதைவிட முக்கியமான ஆராய்ச்சி வேறொன்று இருக்க முடியாது என்பது என் கருத்து. ஆனால் நான் பழகிய வரையில், அணை நீர்மட்டத்தை நாள்தோறும் கேட்டறியும் விவசாயிகளுள் இதைக் கேள்விப்பட்டவர் மிகச் சிலரே.

இந்த அந்நிய மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலை சில இடங்களில் நடைபெற்று வருகிறது. 2022ஆம் ஆண்டில் தமிழக அரசாங்கம் இதற்கென ஒரு கொள்கையையும் வகுத்தது. வாட்டிலை வெட்டினால் மட்டும் போதாது. அதன் விதை பல்லாண்டுகள் மண்ணில் கிடந்து முளைக்கும். ஆகவே, இது ஒரு பருவத்தில் முடியும் வேலை அன்று.

உல்லாசப் பயணிகளின் வரவு உச்சமடைவது ஏப்ரல், மே மாதங்களில். ஊற்றுக்கள் மெலிவதும் அப்போதே. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி உதகை நகரில் வாழ்ந்தோர் 88,430 பேர். அந்நகருக்கு பார்சன்ஸ் பள்ளத்தாக்கு, மார்லிமந்து, டைகர் ஹில் முதலிய நீர்த்தேக்கங்களும் குன்னூருக்கு ரேலியா அணையும் குடிநீர் தருபவை. உள்ளூர் வீடுகளுக்குச் சில நாள்களுக்கு ஒரு முறை நீர் விடும் காலத்தில், விடுதிகள் லாரியில் நீர் வாங்குகின்றன. காசு கொடுப்பவனுக்கு நீர் கிடைக்கிறது, ஓடைக் கரையில் காரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிடுபவனுக்குக் கிடைப்பதில்லை என்னும் குறை இதிலிருந்து எழுவதுதான்.

விடுதிகளின் மின்சாரச் செலவில் வெந்நீருக்கே பெரும் பங்கு. உதகையில் குழாய் நீர் சுமார் 15 டிகிரி குளிர்ச்சியோடு வருவதாகக் கொள்வோம். நால்வர் அடங்கிய குடும்பம் 100 லிட்டர் நீரை 45 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிக்க மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். முன்சொன்ன கணக்கின்படி, இதற்காகப் பைக்காராக் குழாயில் 1,700 லிட்டர் நீர் விழ வேண்டும். அதாவது, குளிக்கிற நீரைப்போல் பதினேழு மடங்கு! அந்த 1,700 லிட்டரும் அழிந்துவிடுவதில்லை, கீழே பாசனத்துக்கு வந்துவிடுகிறது என்று வாதிக்கலாம். அது சரியே. ஆனால், விடுதிகள் யாவும் காலை ஆறு மணிக்கும் மாலை ஏழு மணிக்கும் ஒரே சமயத்தில் வெந்நீர் போடுகையில், வேறு நிலையங்களால் உடனே கொடுக்க முடியாத மின்சாரத்தை அணை நீரைத் திறந்துதான் கொடுக்க வேண்டியிருக்கிறது. அணையில் நீர் இல்லாத ஆண்டில் நிலக்கரியை எரித்துக் கொடுக்கிறார்கள்.

சூரிய வெப்பத்தால் நீரைக் காய்ச்சும் சாதனம் இதற்குத் தக்க மாற்று. 100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர்த் தகடு போதும். உதகையில் டிசம்பர் முதல் மே வரை வெயில் தெளிவாக இருப்பதால், குளிரும் கூட்டமும் மிகுந்த மாதங்களில் அது நன்கு உழைக்கும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை மேகமூட்டத்தில் அது உதவாது என்பதையும் மறைக்கலாகாது. சனவரி மாத உறைபனியில் குழாய் வெடிக்கும் அபாயமும் உண்டு. அதற்கு உறையாத திரவம் சுழலும் வகையையோ கண்ணாடிக் குழாய் வகையையோ வாங்க வேண்டும். சமவெளிக் கடையில் மலிவாகக் கிடைத்ததை வாங்கி மலையில் மாட்டி, ஒரே குளிர்காலத்தில் பாழாக்கியவர்கள் பலர்.

இங்கே ஒரு சிறு செய்தி. கடல் மட்டத்துக்கு 2,240 மீட்டர் மேலுள்ள உதகையில் நீர் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே திறந்த பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் வேக அதிக நேரமும் அதிக எரிபொருளும் ஆகும். பிரஷர் குக்கர் சமவெளியில் வசதிக்கு உரியது. மலையிலோ சிக்கனத்துக்கு உரியது.

மலையில் எரிபொருளை அதிகம் உண்பவை எவை என்று பார்த்தால், விடுதிகளை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. நமது கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளும் அவ்வரிசையில் நிற்கின்றன. 1960களின் தொடக்கத்தில் குந்தாவில் தொடங்கிய இவ்வியக்கம், 1965ஆம் ஆண்டில் ஏற்பட்ட இன்ட்கோசர்வ் இணையத்தின் கீழ் இன்று 16 தொழிற்சாலைகளும் சுமார் 30,000 சிறு விவசாய அங்கத்தினர்களும் கொண்டதாக வளர்ந்துள்ளது. தேயிலைத் தொழிலில் செலவாகும் எரிசக்தியில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் வெப்பமாகவே செலவாகிறது. அவ்வெப்பம் பெரும்பாலும் விறகிலிருந்து வருகிறது. விறகுச் செலவு கூடினால் பசுந்தேயிலைக்குக் கொடுக்கக்கூடிய விலை குறையும். ஆகவே, இது காட்டைப் பற்றிய விஷயம் மட்டுமன்று, அங்கத்தினரின் பட்டுவாடாவைப் பற்றிய விஷயமும் ஆகும்.

ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பசுந்தேயிலை வேண்டும். வாட்டியபின் எஞ்சும் இலையிலிருந்து, உலர்த்தும் இயந்திரம் கிலோ தூளுக்கு ஏறத்தாழ 2 கிலோ நீரை ஆவியாக்கி விரட்ட வேண்டும். நாளொன்றுக்கு 1,000 கிலோ தூள் செய்யும் தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். அடுப்பின் வெப்பத்தில் பாதியே இலைக்குப் போய்ச் சேருகிறது என்று கொண்டால், நன்கு உலர்ந்த விறகு சுமார் 700 கிலோ போதும். அன்று வெட்டிய பச்சை விறகானால், அதன் எடையில் பாதி நீர். அவ்வேலைக்கு 1,250 கிலோ வேண்டும். விறகை டன் கணக்கில் எடை போட்டு வாங்குகிறோம். பச்சை விறகையும் உலர்ந்த விறகையும் ஒரே விலைக்கு வாங்கும் சங்கம், பணம் கொடுத்து நீரை வாங்கி, அந்நீரை ஆவியாக்க மேலும் விறகை எரிக்கிறது!

சரி, பச்சை விறகை வாங்கிக் கொட்டகையில் உலர்த்திக்கொண்டால் 1,250 கிலோவின் இடத்தில் 700 கிலோ போதுமே என்று சிலர் தவறாக எண்ணுவார்கள். அவ்வாறன்று. 1,250 கிலோ பச்சை விறகு உலர்ந்தால் எடை சுமார் 780 கிலோவாகக் குறைந்துவிடும். அதனால் கூடுதலாகக் கிடைக்கும் வெப்பம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமே. அன்றியும், உலர்ந்த விறகு புகையின்றி முழுதும் எரிவதால் உண்மையில் கிடைக்கும் லாபம் இன்னும் சிறிது கூடும். பெரிய மிச்சம் இருப்பது கொள்முதலில்தான். ஈரத்தைப் பார்த்து விலை பேசுவதே முதல் வேலை; கொட்டகை இரண்டாவது. விறகின் ஈரத்தை அளக்கும் கைக்கருவி இன்று மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. நான் தணிக்கைக்குச் சென்ற ஒரு தொழிற்சாலையில் எடைச் சீட்டு ஒவ்வொன்றும் ஒழுங்காக இருந்தது. இருப்புப் பதிவேட்டில் கூட்டல் பிழைகூட இல்லை. விறகு மட்டும் மழையில் நனைந்துகொண்டிருந்தது. கணக்கு சரியாயிருந்ததனால் குறிப்பெழுத இடமில்லாமற் போயிற்று.

கூரையின் வெப்பத்தையும் பயன்படுத்தலாம். உலர்த்தும் இயந்திரத்துக்குள் செலுத்தும் காற்றை 15 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்கு ஏற்றவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தகரக் கூரையின் கீழ் வெயிலில் சூடேறிய காற்றை 30 டிகிரியில் எடுத்துக்கொடுத்தால், வெயிலுள்ள மணி நேரங்களில் ஆறில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சமாகும். இலை மிகுதியாக வரும் மாதங்களிலேயே மேகமும் மிகும் என்பதால் ஆண்டு முழுவதற்கும் இதே மிச்சத்தை எதிர்பார்க்கலாகாது. தென்னிந்தியச் சிறு தேயிலைத் தொழிற்சாலைகளில் எரிசக்திச் சிக்கனத்திற்காகத் தேயிலை வாரியமும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திட்டத்தை நடத்தின. அடுப்பைச் சீர்திருத்துவது, விசிறியின் மோட்டாரை வேலைக்குத் தக்க அளவினதாக மாற்றுவது போன்ற எளிய காரியங்களே அதில் பெரும்பாலும் வலியுறுத்தப்பட்டன. புல்வெளிகளிலிருந்து அகற்றப்படும் வாட்டிலும் யூகலிப்டசும் நியாயமான விலையில் கூட்டுறவுத் தொழிற்சாலைகளுக்குக் கிடைக்குமானால், நல்ல காடு விறகாவதும் தடைபடும், ஓடையும் வளரும். நிர்வாகக் குழுக்கள் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம் இது.

வாகனங்களைப் பற்றிச் சில வார்த்தைகள். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாள்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஒரு காரைப் பயணிகளோடு சுமார் 1,900 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் 3 லிட்டர் பெட்ரோல் எரிய வேண்டும். நிறைந்த பேருந்தில் இது ஆளுக்கு அரை லிட்டருக்கும் குறைவு. வரம்பு போடுவது எளிது. போதிய பேருந்து விடாமல் வரம்பு மட்டும் போட்டால், காய்கறி வியாபாரியும் விடுதித் தொழிலாளியும் நஷ்டப்படுவார்கள்.

கழிவு நீரைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. உதகை ஏரியில் கோடப்பமந்துக் கால்வாய் வழியாக நகரின் சாக்கடை சேர்வது பலகாலப் பழக்கம். குன்னூரின் ஓடை மேட்டுப்பாளையத்தருகே பவானியில் கலக்கிறது. கீழே குடிப்பவர்களும் நூலுக்குச் சாயம் போடுபவர்களும் அதே நீரைத்தான் எடுக்கிறார்கள்.

போர்த்திமந்து அணைக்கும் அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்கும் இடையே 500 மெகாவாட் திறனுள்ள நீரேற்று மின் திட்டம் ஒன்று மேற்கொள்ளப்பட்டுள்ளது. வெயிலாலும் காற்றாலும் மிகுதியாகக் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு கீழணை நீரை மேலணைக்கு ஏற்றி, மாலையில் தேவை மிகும்போது இறக்கி மின்சாரம் பெறுவது இதன் முறை. ஏற்றச் செலவிட்டதில் ஐந்தில் ஒரு பங்கோ சற்று அதிகமோ நஷ்டமாகும். ஆயினும் பகலில் வீணாகும் மின்சாரத்தைச் சேமித்து வைக்க இதைவிடப் பெரிய கிடங்கு இல்லை.

நெசவாளர்களுக்கு நேரடியாக உரிய விஷயம் ஒன்று மீதியிருக்கிறது. நாட்டிலேயே பிளாஸ்டிக் பைகளுக்கு எதிராக முன்னதாகக் கிளம்பிய மாவட்டங்களுள் நீலகிரி ஒன்று. 2000ஆம் ஆண்டை ஒட்டி மாவட்ட ஆட்சியராயிருந்த சுப்ரியா சாகு இவ்வியக்கத்தை முன்னின்று நடத்தினார். 2019 சனவரி முதல் தேதியிலிருந்து தமிழகம் முழுவதற்கும் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. ஆகவே துணிப் பைக்குத் தேவை உண்டு, நம் சங்கங்களுக்கு வேலை உண்டு என்று மகிழ்வது இயற்கை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பருத்தி விளைய நீர் வேண்டும், நூற்க மின்சாரம் வேண்டும். பிரிட்டனின் சுற்றுச்சூழல் நிறுவனம் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட ஒரு பருத்திப் பையால் புவி வெப்பத்துக்கு ஏற்படும் கேடு குறைவாக இருக்க வேண்டுமானால், அப்பையை 131 தடவை பயன்படுத்தியாக வேண்டும். ஓடையை அடைப்பதும் காட்டெருமையின் வயிற்றில் சேர்வதும் அக்கணக்கில் அடங்கவில்லை. அவற்றைச் சேர்த்தால் துணிப்பையின் பக்கம் நியாயம் கூடும். எப்படியாயினும், விளம்பரத்தை அச்சடித்து, நான்கு நாளில் கைப்பிடி பிய்ந்துபோகும் சல்லடைத் துணியில் தைத்து விற்பது, பிளாஸ்டிக்கை விற்பதைவிடப் பெரிய தொண்டு ஆகாது. மலைக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் பை கொடுக்க முன்வரும் சங்கங்கள், விலையோடு துணியின் எடையையும் எழுதிக் கொடுப்பது நல்லது. கைப்பிடியைப் பையின் அடிவரை இறக்கித் தைத்தால் காய்கறிச் சுமையைத் தாங்கும். மழை மாதங்களில் பை நாள்தோறும் நனையுமாதலால், மஞ்சள் சாயம் கரைந்து பொருளில் ஒட்டாதபடி கெட்டிச் சாயமாக இருத்தல் வேண்டும். மாதிரிப் பை ஒன்றை மூன்று முறை துவைத்து, ஐந்து கிலோ உருளைக்கிழங்கைப் போட்டு ஒரு நாள் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு விலைப்புள்ளி அனுப்பலாம்.